நாற்பது வண்டியும் ஒரு வியாழக்கிழமையும்

பார்வையாளர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே வெண்டைக்காய்க்காரி வீட்டுக் கழிப்பறைக்கு மவுசு கூடிவிட்டது. மாற்றுத்திறனாளி விவசாயிகள் திட்டத்தில் இருந்த பதினோரு தோட்டங்களில் அவளுடைய தோட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒருங்கிணைப்பாளர் பல காரணங்களை அடுக்கினார். முன்மாதிரிப் பயனாளி, விடாமுயற்சி, நீடித்த தாக்கம். கடைசியில் ஷூவைக் கழற்றிவிட்டு அந்தக் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து மூடி, "தண்ணி வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோதுதான் அசல் காரணம் வெளியே வந்தது. விடாமுயற்சி மற்ற பத்துப் பேர் வீட்டிலும் இருந்தது. தாழ்ப்பாள் விழுகிற கதவுதான் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் என்பது அவருடைய பதவி. எதை எதோடு ஒருங்கிணைக்கிறார் என்று மூன்று வருடமாக யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு நாள் பயிற்சி வைத்துவிடுவார் என்ற பயம். வெண்டைக்காய்க்காரியின் புருஷன் அவருக்கு 'அறிக்கை' என்று பெயர் வைத்திருந்தார். புருஷன் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருடம் கூட்டத்தைப் பார்த்தவர் என்பதால் ஆளைப் பார்த்ததும் பெயர் விழுந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை வானம் மூடிக்கொண்டு கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நின்ற இடத்திலேயே வேர்த்தது. வெண்டைக்காய்க்காரி தன் வண்டியில் உட்கார்ந்தபடி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வெண்டைச் செடியின் சுணை பட்டால் கை அரிக்கும் என்று கண்டக்டரின் பழைய காக்கிச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் உழும்போது ரோட்டவேட்டர் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. இப்போது அங்கே இருப்பது செயற்கைக் கால். மேடான இடத்தில் அதை ஊன்றி நடப்பாள். தண்ணீர் பாய்ந்த சேற்றில் அது புதைந்துகொள்ளும். அதற்குத்தான் வண்டி. உட்கார்ந்துகொண்டு நல்ல காலால் ஒரு உந்து உந்தினால் அடுத்த செடிக்குப் போய்விடும்.

"அம்மா, வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்கு மூணு பேர் வர்றாங்க," என்றார் ஒருங்கிணைப்பாளர், வரப்பில் நின்றபடி. "நிதி குடுக்குறவங்க. இந்த மாசத்தோட நம்ம திட்டம் முடியுது இல்லையா. அவங்க பாத்துட்டுப் போய் சரின்னா அடுத்த மூணு வருஷம்."

"சரின்னு சொல்லலன்னா?"

அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஃபிட்டர் வராதா?" என்று அவளே கேட்டாள்.

"திட்டமே இல்லன்னா ஃபிட்டர் எப்படிம்மா வரும்."

அவள் கையில் இருந்த களையை வரப்பில் போட்டாள். திட்டம் என்று அவர் சொல்வது பதாகை, பயிற்சி, பத்துப் பக்கப் படிவம் எல்லாம் சேர்ந்தது. அவளுக்குத் திட்டம் என்றால் ஃபிட்டர். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் மொபெட்டில் டூல்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரும் பெண். முப்பது வயது இருக்கும். வந்ததும் முதலில் காலைக் கழற்றச் சொல்லி, மிஞ்சிய காலை உள்ளே விடுகிற கிண்ணத்தைத் தடவிப் பார்ப்பாள். எங்கே உரசுகிறதோ அங்கே ராவி, எங்கே தளர்கிறதோ அங்கே மெத்தை ஒட்டிக் கொடுப்பாள். திட்டம் வருவதற்கு முன்னால் ஒருமுறை அந்த உரசல் புண்ணாகி, புண் சீழாகி, வெண்டைக்காய்க்காரி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். செடியில் காய் முற்றி வெடித்து விதை தரையில் கொட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் இப்போதும் நிற்பதில்லை.

ஒருங்கிணைப்பாளர் அப்போதுதான் வண்டியைக் கவனித்தார்.

"இது என்னது?"

"வண்டி."

"நாங்க குடுத்தது எங்கே?"

"இதுதான்."

அவர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். திட்டம் கொடுத்த வண்டிக்கு 'பல்நோக்கு நகரும் பணி இருக்கை' என்று பெயர். மஞ்சள் நிறம், நான்கு சக்கரம், மூன்றடி அகலம், பக்கத்தில் பங்குதாரக் கம்பெனியின் பெயர் எழுதிய தகடு. செய்தவர்கள் எந்தத் தோட்டத்தைப் பார்த்துச் செய்தார்களோ தெரியாது. விமான நிலையத்தைப் பார்த்திருக்கலாம். வெண்டை வரிசைகளுக்கு நடுவே இருப்பது ஒன்றே முக்கால் அடி. வந்த வாரமே ஃபிட்டர் அதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் நடுவில் அறுத்து, மூன்று சக்கரமாக்கி, ஒன்றேகால் அடிக்குக் குறுக்கிக் கொண்டுவந்தாள். கண்டக்டர் டிப்போவில் கழித்துப் போட்ட பஸ் சீட் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து மேலே தைத்தார்.

"தகடு?"

"கோழிக்கூட்டுக் கதவு."

ஒருங்கிணைப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, அந்தக் கம்பெனிக்காரரும் வர்றாரும்மா."

செவ்வாய்க்கிழமை அவர் வேறு வண்டியோடு வந்தார். அது பூசணிக்காரர் வீட்டிலிருந்து வந்தது. பூசணிக்காரருக்குக் கண்தான் தெரியாது. கால் இரண்டும் தூண் மாதிரி. ஆனாலும் பட்டியலில் பதினோரு பேர் இருந்ததால் பதினோரு வண்டி வந்தது. அவருக்கும் ஒன்று இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். மூன்று வருடமாக அது அவர் வீட்டில் டிவியைச் சுமந்துகொண்டு நின்றது. அவருக்குத் தேவைப்பட்டது வேறு. ஃபிட்டர்தான் தோட்டம் முழுக்க இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, பாத்திக்கு ஒரு முடிச்சு, வாய்க்காலுக்கு இரண்டு முடிச்சு என்று போட்டுக் கொடுத்தாள். மழையில் கயிறு தொய்ந்தால் வந்து இழுத்துக் கட்டுவாள். அதைப் பற்றி எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மஞ்சள் வண்டி புத்தம் புதிதாகப் பளபளத்தது. தோட்டத்துக்குள்தான் நுழையவில்லை.

"ஒரே ஒரு வரிசையை எடுத்துட்டா வழி விட்டுரும்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"எடுத்துட்டான்னா?"

"செடியைத்தாம்மா."

"காய்க்குற செடிய."

"ஒரு வரிசைதானே."

"உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா, பெஞ்சு பெருசா இருக்குன்னு சுவத்தை இடிப்பீங்களா தம்பி?"

தம்பி மஞ்சள் வண்டியை வரப்போரம் நிறுத்தினார். இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். வியாழன்வரை காய் பறிக்கக் கூடாது. வருகிறவர்கள் அவள் பறிப்பதைப் பார்க்க வேண்டும். செடியில் காய் நிறையத் தொங்கினால் படத்துக்கு நன்றாக இருக்கும். வெண்டைக்காய் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டியது என்பதும், நாலாம் நாள் அதை அரிவாள் கொண்டுதான் நறுக்க முடியும் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் அதை எப்போதும் தட்டில்தான் பார்த்திருந்தார்.

அன்று அவள் பறிக்கவில்லை. சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தாள். பறிக்காத காய் கண்ணுக்கு எதிரே நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள்.

"ஏன் உலாத்திக்கிட்டே இருக்க? உக்காரு," என்றார் கண்டக்டர். அவருக்கு முட்டையும் சோறும் வைத்திருந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க."

"ஒரு வரிசை தானே கேக்குறாரு அறிக்கை. குடுத்துத் தொலைச்சா என்ன? செக்கிங் வர்ற அன்னிக்கு நாங்க யூனிஃபார்ம் இஸ்திரி போடலையா?"

"யூனிஃபார்ம் காய்க்குமா?"

"வியாழக்கிழமை ஒரு நாள் நடிச்சா மூணு வருஷம் ஃபிட்டர் வரும். கணக்கு அவ்ளோதான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

புதன்கிழமை விடிந்து அவள் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கண்டக்டர் ஏற்கெனவே டூட்டிக்குப் போயிருந்தார். தோட்டத்துக்கு நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது, தலைவகிடு மாதிரி. பிடுங்கிய நாற்பத்தெட்டு செடியும் வரப்பில் வரிசையாகக் கிடந்தன, காயோடும் பூவோடும். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்துக் கண்டக்டர் வேரில் ஒட்டிய மண்ணைக்கூட உதறியிருந்தார்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தவரை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"யாரைக் கேட்டுப் பிடுங்கினீங்க?"

"உன்னைக் கேட்டா நீ விடுவியா?"

"அதனாலதான் கேக்கலையா?"

"இங்க பாரு, உனக்காகத்தான்..."

"எனக்காகப் பண்றதை எல்லாரும் என்னைக் கேக்காமலே பண்ணுங்க. அவங்க கேக்காம வண்டி குடுத்தாங்க. நீங்க கேக்காம செடியைப் பிடுங்கினீங்க. எனக்குப் போனது காலுதானே? வாயும் சேந்து போச்சுன்னு எவன் சொன்னான்?"

கண்டக்டர் தோளில் இருந்த பையை இறக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்ட பயணி மாதிரி நின்றார். பிறகு உள்ளே போய்ச் சத்தம் இல்லாமல் டீ போட்டு ஒரு டம்ளரைக் கொண்டுவந்து படியில் வைத்தார். அது ஆறி, ஆடை கட்டி, ஒரு ஈயும் விழுந்தது.

சாயங்காலம் ஃபிட்டர் வந்தாள். அவளுடைய முறை இல்லை. நாளைக்குக் கால் வழுக்காமல் இருக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அனுப்பியிருந்தார். கிண்ணத்தைத் தடவினாள், ஒரு இடத்தில் ராவினாள், ஊதினாள், மறுபடி தடவினாள். வழக்கமாக வாய் ஓயாதவள். அன்று ராவுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்னடி, நீயும் என்னோட சண்டையா?"

"இல்லக்கா." கிண்ணத்தைத் திருப்பிப் பிடித்து, "புது திட்டத்துல என் பேர் இல்லக்கா," என்றாள்.

"என்னது?"

"வண்டி அளவு கேட்டு சார் அந்தத் திட்டப் பேப்பரைக் குடுத்தாரு. படிச்சேன். நாப்பது புது வண்டின்னு போட்டிருக்கு. பயிற்சி, பதாகை, காலண்டர் எல்லாம் இருக்கு. ரிப்பேர் ஆள்னு ஒரு வரி இல்ல. சாரைக் கேட்டேன். புதுசா ஏதாச்சும் வாங்குறதுக்குத்தான் குடுப்பாங்களாம். பழசைப் பாத்துக்க ஆள் போட்டா அது எங்களுக்கு ஒத்து வராதுங்கிறாங்களாம்."

"நாப்பது எதுக்கு? நாம பதினோரு பேர்தானே."

"நாப்பதுக்குக் கொறைஞ்சா கம்பெனில செய்ய மாட்டாங்களாம்."

"அப்போ நாளைக்கு அவங்க சரின்னு சொன்னாலும் நீ வர மாட்டே."

ஃபிட்டர் ராவிய தூளை உள்ளங்கையில் சேர்த்தாள். "கிரில் பட்டறைல கூப்பிட்டிருக்காங்கக்கா. ஒண்ணாந்தேதிலேர்ந்து. எனக்கும் வீடு இருக்கு இல்ல."

வெண்டைக்காய்க்காரி ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். கண்டக்டர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தைப் பார்த்தார். நாற்பத்தெட்டு செடி. அவருடைய கணக்கில் முதல் தடவையாகத் துண்டு விழுந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் பதினோரு மணிக்கு வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் எட்டு மணிக்கே வந்து பதாகையைக் கட்டினார். 'தன்னம்பிக்கையின் விளைநிலம்' என்று அதில் எழுதியிருந்தது. காற்று அடித்தபோது பாதி மடங்கி, 'தன்னம்பி' வரை மட்டும் தெரிந்தது. கல்லைக் கட்டினார். பிளாஸ்டிக் நாற்காலிகளை முதலில் வட்டமாகவும் பிறகு வரிசையாகவும் போட்டார். பன்னிரண்டுக்குப் போன் வந்தது, கிளம்பிவிட்டார்களாம். ஒன்றரைக்கு வந்தது, சாப்பிடுகிறார்களாம்.

"நான் பறிக்கட்டா தம்பி? முத்திக்கிட்டே போகுது."

"வேணாம்மா. வந்துருவாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள செடி கெழவியாயிரும்."

மூன்று மணிக்கு ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் நிதி கொடுக்கும் அமைப்பின் தலைவி, கையில் நோட்டோடு. இரண்டாவது கம்பெனிக்காரர், அவருடைய ஷூவுக்கும் மண்ணுக்கும் இதுவரை அறிமுகம் இல்லை. மூன்றாவது கேமராக்காரர். தலைவி நேராகக் கழிப்பறைக்குப் போனார். ஒருங்கிணைப்பாளரின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது.

பிறகு எல்லாரும் வரப்புக்கு வந்தார்கள். வெண்டைக்காய்க்காரி மஞ்சள் வண்டியில் உட்கார்ந்து ஒரு உந்து உந்தினாள். கண்டக்டர் பிடுங்கிக் கொடுத்த பாதையில் அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. இரண்டு பக்கமும் எளிதில் கைக்கெட்டாத தூரத்தில் செடிகள். எட்டிப் பறிக்க அவள் பாதி உடம்பை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. கேமராவில் அது சுறுசுறுப்பாகத் தெரிந்திருக்கும். காயை ஒடித்தாள், ஒடியவில்லை. திருகி இழுத்துக் கூடையில் போட்டாள். கட்டை விழுந்த சத்தம் கேட்டது. கம்பெனிக்காரர் கைதட்டினார்.

"அற்புதம். முழுசா தற்சார்பு," என்றார்.

தலைவி நோட்டில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். "இந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் செடி இல்ல? பூச்சியா?"

ஒருங்கிணைப்பாளர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அவள் சொன்னாள்: "இல்லம்மா. நீங்க வர்றீங்கன்னு பிடுங்கினோம்."

"புரியல."

"இந்த வண்டி உள்ள நுழையாது. அதனால நாப்பத்தெட்டு செடியை எடுத்துட்டு வழி விட்டோம். இது என் வண்டியும் இல்ல. பூசணிக்காரர் வீட்டுல டிவிக்குக் கீழ இருந்தது. என் வண்டி கொட்டாய்க்குப் பின்னாடி இருக்கு."

யாரும் சொல்லாமலே கண்டக்டர் போய்க் குறுக்கிய வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். போகும்போதும் வரும்போதும் அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மாறி உட்கார்ந்தாள். பிடுங்காத வரிசைகளுக்கு நடுவே புகுந்து, இரண்டு பக்கமும் கையை வீசி, பத்துச் செடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனிக்காரரின் முகம் முதலில் கறுத்தது. பிறகு, நெளிந்த தகரத்தை உள்ளிருந்து தட்டினால் நிமிர்வதுபோல் நிமிர்ந்தது. "உள்ளூர்க் கண்டுபிடிப்பு," என்றார். "இதையே நாங்க எடுத்துக்கலாம். இதே அளவுல நாப்பது வண்டி செஞ்சு குடுக்கிறோம்."

"பிரமாதம்," என்றார் தலைவி. கேமராக்காரர் குனிந்து சக்கரத்தைப் படம் எடுத்தார். ஒருங்கிணைப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அய்யா, இது என் தோட்டத்து அளவு," என்றாள் வெண்டைக்காய்க்காரி. "தக்காளிக்காரம்மாவுக்கு இடுப்புல பிரச்சனை, அவங்களுக்கு உயரமா வேணும். ஆட்டுக்காரருக்குக் கைதான் ஒண்ணு, வண்டி எதுக்கு? பூசணிக்காரருக்குக் கயிறு. ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி ஒடஞ்சிருக்கு. வண்டி வேணாம். அறுத்து ஒட்டிக் குடுக்குற ஆளைக் குடுங்க. அந்தப் பொண்ணு ஒண்ணாந்தேதிலேர்ந்து கிரில் செய்யப் போகுது."

தலைவி நல்ல மனுஷி. நோட்டை மூடிவிட்டு அருகில் வந்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா ஆளுக்குச் சம்பளம்னு நாங்க குடுத்துட்டே இருக்க முடியாது. நாங்க போன பிறகும் திட்டம் நிலைச்சு நிக்கணும். வெளி உதவி இல்லாம நீங்களே பாத்துக்குற நிலைமை எப்ப வரும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"கால் முளைச்சதும்."

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் மட்டும் வாயைக் காக்கித் துண்டால் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போனார். தலைவி நோட்டைத் திறந்தார், என்ன எழுதுவது என்று தெரியாமல் தேதியை எழுதினார்.

வெள்ளை வண்டி போன பிறகு முற்றிய காயை எல்லாம் பறித்துக் கொட்டினார்கள். பறிக்காவிட்டால் செடி வேலை முடிந்தது என்று நினைத்துப் பூப்பதை நிறுத்திவிடும். நாலு கூடை வந்தது. அத்தனையும் குப்பைக்குழிக்கு. கண்டக்டர் அவளுக்கு எதிர்வரிசையில் குனிந்தபடி வந்தார். பாதித் தூரம் வந்ததும், "நாப்பத்தெட்டையும் திருப்பி நட முடியாதுல்ல?" என்று கேட்டார்.

"முடியாது."

"விதை ஊனிரலாமா?"

"சுணை ஒட்டுது. முழுக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க," என்றாள். புதன்கிழமைக்குப் பிறகு அவளாக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

ஒன்றாம் தேதியிலிருந்து ஃபிட்டர் வரவில்லை. ஐந்து வாரம். முதல் வாரம் கிண்ணம் உரசியது. இரண்டாம் வாரம் சிவந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து வெண்டைக்காய்க்காரி மிஞ்சிய காலில் உறைக்கு மேல் உறை போட்டு, அதற்கு மேல் பழைய துணி சுற்றி, எதுவும் நடக்காததுபோல் நடந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் கட்டிலில் உட்காரவைத்துவிடுவார். கட்டிலுக்கு எதிரே அந்த ஜன்னல் இருக்கிறது. பூசணிக்காரரின் கயிறு ஒரு மழையில் தொய்ந்து, அவர் வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதாகச் செய்தி வந்தது.

ஆறாம் வாரம் லாரி வந்தது. நாற்பது வண்டி, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் சுற்றி. அளவு ஒன்றேகால் அடி. ஒருங்கிணைப்பாளர் லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்கினார். அவருடைய வேலை இன்னும் மூன்று வருடத்துக்கு உறுதியாகியிருந்தது. ஆனாலும் முகம் அப்படிச் சொல்லவில்லை.

"பதினொண்ணைக் குடுத்துட்டேன்னு வைங்க. மிச்சம் இருபத்தொம்பதை எங்கம்மா போடுறது? ஆபீஸ்ல ஒரு பீரோதான் இருக்கு. வெளியில கிடந்தா துரு ஏறுது, துரு ஏறினா என்னைக் கேப்பாங்க."

அவள் ஒரு வண்டியின் சட்டத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். தூக்கிவிட்டு உடனே கீழே வைக்கவில்லை.

"நல்ல கனம். கனமான பைப்புல்ல?"

"முதல் தரம்மா."

"லாரியைக் கிரில் பட்டறைக்கு விடச் சொல்லுங்க."

பட்டறை முதலாளி வாசலிலேயே அடித்துவைத்த ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் உள்ளே முகமூடி போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். வெண்டைக்காய்க்காரி சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, பதினோரு வண்டியை இவ ஒவ்வொருத்தருக்கும் எது வேணுமோ அதுவா அறுத்து ஒட்டணும். மிச்ச வண்டியோட இரும்பு, சக்கரம் எல்லாம் உங்களுக்கு. பதிலுக்கு ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் இவளுக்குப் பட்டறைல வேலை இல்ல. எங்க வேலை. கூலி நீங்கதான் குடுக்கணும்."

முதலாளி லாரியைப் பார்த்தார். "ஒரு வண்டிக்கு ஒரு வியாழன்."

"மூணு."

"அம்மா, நான் தர்மசத்திரமா நடத்துறேன்?"

"தூக்கிப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

அவர் எழுந்து போய்த் தூக்கிப் பார்த்தார். தூக்கியது அவருடைய தப்பு. "ரெண்டு," என்றார். "அதுக்கு மேல கேட்டீங்கன்னா லாரியைத் திருப்பிட்டுப் போங்க."

லாரி திரும்பவில்லை. முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஃபிட்டர் வாசலுக்கு வந்து நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குக் கண்டக்டர் விளக்கினார்: இருபத்தொன்பது வண்டி, ஐம்பத்தெட்டு வியாழன், ஒன்று விட்டு ஒன்று என்றால் இரண்டு வருடமும் இரண்டு மாதமும் சொச்சமும். டிக்கெட் கிழிப்பதுபோல் விரல்விட்டுச் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் இவை எதையும் கேட்காதவர் மாதிரித் தூரத்தில் போய் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்று பிறகு மெதுவாக வந்து கேட்டார், "பயன்பாட்டு அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு. அதுல நான் என்ன எழுதுறது?"

"நாப்பதும் பயன்பாட்டில் உள்ளதுன்னு எழுதுங்க தம்பி. பொய் இல்லையே."

அவர் யோசித்தார். மூன்று வருடமாக அவர் எழுதிய அறிக்கைகளில் இவ்வளவு சுத்தமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமையே ஃபிட்டர் வந்தாள். முதலில் பூசணிக்காரரின் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, வேர்க்க வேர்க்க வந்து படியில் உட்கார்ந்து, "கழட்டுங்கக்கா," என்றாள். வெண்டைக்காய்க்காரி துணியை அவிழ்த்தாள், உறையை உருவினாள், இன்னொரு உறையை உருவினாள். ஃபிட்டர் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு இப்போதுதான் தெரிந்தது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"சும்மா ரெண்டு மூணு நாளாத்தான்."

"அக்கா, எங்கிட்ட மூணு வாரப் புண்ணைக் காட்டிட்டு மூணு நாள்ங்கிறீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரி போங்க. பத்து நாள் கால் போடக் கூடாது."

"பத்தா? நாளான்னைக்குப் பறிப்பு இருக்கு. ஆறு நாள் வைச்சுக்க."

"பத்து."

"சரி, எட்டு."

"இது பட்டறை இல்லக்கா."

"வண்டியிலதானே உக்காந்து பறிக்கப் போறேன்? கால் எதுக்கு வலிக்கப் போகுது?"

"வண்டி வரைக்கும் எப்படிப் போவீங்க?"

அதற்கு வெண்டைக்காய்க்காரியிடம் பதில் இருந்தது. ஆனால் சொன்னால் மாட்டிக்கொள்வாள் என்பதால் தோட்டத்தைப் பார்த்தாள். நடுவில் அந்தக் கோட்டில் ஊன்றிய விதைகள் செடியாகி முதல் பூ விட்டிருந்தன. ஃபிட்டர் எழுந்து, செயற்கைக் காலை எடுத்து டூல்ஸ் பெட்டிமேல் படுக்கவைத்து, மொபெட் கேரியரில் ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"எங்கடி கொண்டு போற?"

"பட்டறைக்கு. கிண்ணத்தைப் புதுசா வார்க்கணும். இங்க விட்டுட்டுப் போனா நாளைக்கே மாட்டிக்குவீங்க."

"அப்போ எப்ப கொண்டு வருவ? உன் முறை ரெண்டு வாரம் கழிச்சுதானே?"

"அடுத்த வியாழனே வர்றேன்."

"அது கணக்குல சேருமா?"

ஃபிட்டர் மொபெட்டைக் கிளப்பினாள். "சேரும். முதலாளி விடுவாரா?"

"அப்ப அரை வண்டி போச்சு," என்றாள் வெண்டைக்காய்க்காரி.

மொபெட் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது. பின்னால் வெண்டைக்காய்க்காரியின் கால், ஷூ போட்டபடி, மேலும் கீழும் ஆடிக்கொண்டே போயிற்று. அது கண்ணுக்கு மறையும்வரை அவள் பார்த்தாள். பிறகு கண்டக்டர் பக்கம் கையை நீட்டி, "சும்மா நிக்காம, என்னைத் தூக்கி வண்டில உக்கார வைங்க. களையாவது பிடுங்குறேன்," என்றாள்.

"ஃபிட்டர் என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"கால் போடக் கூடாதுன்னுது. போட்டிருக்கேனா?"

கண்டக்டர் குனிந்து, அவளுடைய கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.